வீட்டு மேஜையில் இரட்டை லைன்

உபகரணங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயரோடு தொடங்குவது வழக்கம். ஆனால் வீட்டிலேயே ஆபீஸ் நடத்துகிற ஒருவருடைய மேஜைமேல் இருந்துகொண்டு, தனித்தனியான இரண்டு லைன்களை ஒரே ரிசீவரில் கொண்டுவந்து சேர்க்கும் கம்பி வைத்த தொலைபேசிக்கு, இன்னார்தாம் கர்த்தா என்று சொல்லத்தக்கவர் ஒருவரும் இல்லை. அமெரிக்க வீடுகளின் சுவர்களுக்குள் பெரும்பாலும் வேறு காரியங்களை உத்தேசித்து இழுக்கப்பட்ட நான்கு கம்பிகளும், கமிஷன்களிலும் நியாயஸ்தலங்களிலும் பல வருஷ காலம் நடந்த வழக்குகளும், வருமான வரிச் சட்டத்தின் ஒரு சிறு உட்பிரிவும் ஒன்றுகூடி அதை உண்டாக்கின. ஒரு பெரிய தேசத்தின் தொழில் வாழ்க்கையும் குடும்ப வாழ்க்கையும் சந்திக்கிற இடத்தில் அந்தக் கருவி நின்றது என்பதனாலேயே அதன் கதை சொல்லத்தக்கது என்று நான் கருதுகிறேன்.

நம் ஊர் வீடுகளில் 'பேரலல்' என்று வழங்கிய ஏற்பாட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரே லைனுக்குக் கூடத்தில் ஒரு கருவி, மாடியில் ஒரு கருவி. ஒருவர் பேசுவதை மற்றவர் எடுத்துக் கேட்டுவிடலாம். இங்கே நான் சொல்வது அதற்கு நேர்மாறானது: இரண்டு எண்கள், இரண்டு லைன்கள், அவை இரண்டுக்கும் ஒரே கருவி. ஒன்றில் வீட்டாரும் உறவினரும் அழைப்பார்கள். மற்றொன்றில் கட்சிக்காரரும் வாடிக்கைக்காரரும் அழைப்பார்கள். வருகிறவரைத் திண்ணையில் உட்கார்த்திப் பேசிவிட்டு வீட்டு விஷயங்களைக் கூடத்தோடு நிறுத்திக்கொண்ட நம் முன்னோர்களின் வீட்டமைப்பில் எந்த விவேகம் இருந்ததோ, அதே விவேகம்தான் அந்த இரண்டு பொத்தான்களிலும் இருந்தது.

வீடு வேறு, தொழில் வேறு என்ற பாகுபாடு தொலைபேசி பிறந்த நாளிலிருந்தே அதனோடு வந்தது. கனெக்டிகட் மாகாணத்து நியூ ஹேவன் நகரில் 1878-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் வர்த்தக எக்ஸ்சேஞ்ச் தொடங்கியது. அடுத்த மாதமே அங்கே வெளியான டைரக்டரி, ஒரே ஒரு அட்டையில் ஐம்பது பெயர்களைக் கொண்டிருந்தது; எண்கள் இல்லை, பெயர்கள் மாத்திரமே. அந்த ஐம்பதையும் வீடுகள் என்றும், வைத்தியர்கள் என்றும், பல் வைத்தியர்கள் என்றும், கடைகள், தொழிற்சாலைகள் என்றும் பிரித்தே அச்சிட்டிருந்தார்கள். பிற்காலத்தில் இந்தப் பாகுபாடு கட்டணத்திலும் புகுந்தது. வியாபார லைனுக்குக் கூடுதலான வாடகையும் வீட்டு லைனுக்குக் குறைந்த வாடகையும் விதித்து, முன்னதிலிருந்து வந்த லாபத்தைக் கொண்டு பின்னதை மலிவாகத் தருவது என்ற கொள்கையை அமெரிக்கக் கம்பெனிகள் நெடுங்காலம் கடைப்பிடித்தன. தொழில்வாரியாகப் பெயர் போடும் மஞ்சள் பக்கங்களில் இடம் வேண்டுமானால் பொதுவாக வியாபார லைன் இருந்தாக வேண்டும். ஆகவே வீட்டின் முன்னறையில் நோயாளிகளைப் பார்த்த வைத்தியரும், சாப்பாட்டு மேஜையிலேயே கணக்கு எழுதிய குமாஸ்தாவும், தாம் வீட்டுக்காரரா வியாபாரியா என்ற கேள்விக்குத் தொலைபேசிக் கம்பெனியிடம் விடை சொல்லவேண்டியவர்களாக இருந்தார்கள்.

இரண்டு லைன்களை ஒரு கருவியில் இணைப்பது தத்துவத்தில் கஷ்டமான காரியமே அல்ல. ஒவ்வொரு லைனும் இரண்டு செம்புக் கம்பிகள், அவ்வளவுதான். 1890-களில் பொது பாட்டரி முறை வந்த பிறகு, ஒவ்வொரு வீட்டிலும் தனி பாட்டரி வைக்கவேண்டிய அவசியம் ஒழிந்து, எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெரிய பாட்டரிகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அந்தக் கம்பிகளிலேயே வீட்டுக்கு வந்தது. ரிசீவரைத் தூக்கினால் மின்னோட்டம் பாயும், தூக்கியிருக்கிறார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் அறிந்துகொள்ளும், வைத்தால் நின்றுவிடும். மணியடிப்பதற்கு ஏறக்குறைய 90 வோல்ட் மாறுமின்சாரத்தை, விநாடிக்கு இருபது அலைகளாக, அதே கம்பியில் அனுப்புவார்கள். இந்த அமைப்பின் மேன்மையை நான் எவ்வளவு சொன்னாலும் தகும்: வீட்டு விளக்குகள் அணைந்து ஊரே இருண்டு கிடக்கும்போதும் தொலைபேசி உயிரோடிருந்ததற்குக் காரணம் இதுதான்.

கஷ்டம் வந்தது வேறோர் இடத்தில். ஒரு லைனில் பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றில் மணியடித்தால், முதலாமவரைத் துண்டிக்காமல் நிறுத்திவைத்து இரண்டாமவரிடம் போகவேண்டும். இதற்காக, நாட்டின் தொலைபேசிகளில் பெரும்பாலானவற்றை நடத்திவந்த பெல் நிறுவனத்தார் 1938-இல் கொண்டுவந்த கீ டெலிபோன் முறையும், அதிலிருந்து வளர்ந்து 1960-களில் '1ஏ2' என்ற பெயரோடு அமெரிக்க ஆபீசுகளெங்கும் பரவிய முறையும் மிகவும் கம்பீரமான ஏற்பாடுகள். தொலைபேசியின் கீழ்ப்பக்கத்தில் வரிசையாக ஆறு பொத்தான்கள், முதலாவது சிவப்பு, அது 'ஹோல்ட்', மற்றவை லைன்களுக்குரியவை. ஒவ்வொரு பொத்தானுக்குள்ளும் ஒரு சிறு விளக்கு: லைன் உபயோகத்தில் இருந்தால் நிலையாக எரியும், மணியடித்தால் அணைந்து அணைந்து எரியும், நிறுத்திவைக்கப்பட்டிருந்தால் வேகமாகக் கண் சிமிட்டும். பார்த்த மாத்திரத்தில் ஆபீசின் நிலைமை முழுவதும் தெரிந்துவிடும். ஆனால் அந்த விளக்குகளையும் ஹோல்டையும் நடத்துவதற்கு அலமாரி அளவான ஒரு சாதனம் வேறோர் அறையில் சுவரோடு இருக்கவேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு மேஜைக்கும் ஐம்பது கம்பிகள் அடங்கிய விரல் பருமனான கேபிள் வரவேண்டும். பெரிய ஆபீசுக்கு அது தகும்; வீட்டிலிருந்து வேலை செய்கிற தனி மனிதருக்கு எப்படித் தகும்? அவருக்கு ஒரு திருகு குமிழோ பொத்தானோ வைத்த சாதாரணக் கருவி ஒன்றைக் கம்பெனி வாடகைக்குக் கொடுக்கும். அதற்குமேல் அவர் எதையும் கேட்க முடியாது.

இந்த நிலையில்தான் சுவருக்குள் இருந்த கம்பிகள் நம் கதைக்கு வருகின்றன. அமெரிக்க வீடுகளில் தொலைபேசிக்காக இழுத்த கம்பியில் பெரும்பாலும் நான்கு இழைகள் இருக்கும்: பச்சை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள். ஒரு லைனுக்குப் பச்சையும் சிவப்பும் போதும். பல வீடுகள் ஒரே லைனைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தில், இன்னார் வீட்டு மணி மாத்திரம் அடிக்கவேண்டும் என்பதற்காக மஞ்சள் கம்பியைப் பூமியோடு இணைப்பதுண்டு. 1959-இல் படுக்கையறைக்கென்று 'பிரின்ஸஸ்' என்ற அழகிய சிறு தொலைபேசி வந்தபோது, அதன் டயலில் இருந்த விளக்கை எரிப்பதற்கு ஒரு சிறு டிரான்ஸ்பார்மரிலிருந்து மின்சாரம் கறுப்பிலும் மஞ்சளிலும் போயிற்று. மற்ற வீடுகளில் அந்த ஜோடி வேலையின்றிக் கிடந்தது. பின்னாளில் ஒரு குடும்பம் இரண்டாவது லைன் வேண்டுமென்று கேட்டபோது, சுவரை உடைக்காமலும் தரையைப் பெயர்க்காமலும், வீட்டுக்கு வெளியே இருக்கும் பெட்டியில் இரண்டு முனைகளை முடுக்கிவிட்டாலே போதும் என்ற பாக்கியம் இப்படிக் கிடைத்தது. 1970-களில் வந்த சதுரமான பிளாஸ்டிக் இணைப்பிகளில் 'ஆர்ஜே 14' என்று பெயர் பெற்றது இந்த நான்கு கம்பிகளையும் ஏற்கும் ஏற்பாடே: நடுவிலுள்ள இரண்டு தொடுமுனைகள் முதல் லைனுக்கும், அவற்றின் இருபுறமும் உள்ளவை இரண்டாவதற்கும் உரியவை.

கம்பி தயாராயிற்று, ஆனால் தனக்கு வேண்டிய கருவியைக் கடையில் வாங்கிவந்து அதில் மாட்டும் சுதந்திரம் எவருக்கும் இல்லை. தொலைபேசிக் கருவி பெல் நிறுவனத்தின் உடைமை. விற்பனைக்கு அல்ல என்று அதன் அடிப்பாகத்திலேயே பொறித்திருக்கும். ஆயுள் முழுவதும் மாத வாடகை கொடுத்த ஒருவருக்குக்கூட அந்தக் கருவியில் ஓர் ஆணியளவு பாத்தியதை இல்லை. அயலார் செய்த எந்தப் பொருளையும் அதில் இணைக்கக் கூடாது என்பது விதி. பேசும் வாயில் பொருத்திக்கொண்டால் பக்கத்தில் இருப்பவருக்குப் பேச்சு கேளாதபடி மறைக்கும் 'ஹஷ்-எ-போன்' என்ற ஒரு கிண்ணம் இருந்தது. மின்சாரமே இல்லாத அந்தக் கிண்ணத்தைக்கூட மாட்டக் கூடாது என்று கம்பெனி வாதாடிற்று. ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷனும் அதை ஒப்புக்கொண்டது. 1956-இல் வாஷிங்டன் அப்பீல் நியாயஸ்தலம், பொதுமக்களுக்குத் தீங்கு செய்யாமல் ஒருவர் தமக்குப் பயன்படும் விதத்தில் தம் தொலைபேசியை உபயோகிப்பதைத் தடுக்க நியாயமில்லை என்று அந்த முடிவை மாற்றிற்று. பிறகு டெக்ஸாஸ்காரரான தாமஸ் கார்ட்டர், எண்ணெய் வயல்களில் வேலை செய்கிறவர்களின் ரேடியோவைத் தொலைபேசி லைனோடு பேசவைக்கும் 'கார்ட்டர்ஃபோன்' என்ற சாதனத்தை விற்றார். கம்பெனி எதிர்த்தது, வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது, 1968 ஜூன் மாதம் கமிஷன் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லிற்று.

தீர்ப்பு வந்த மாத்திரத்தில் கதவு திறந்துவிடவில்லை. அயலார் கருவியால் எங்கள் வலைக்குச் சேதம் வரும், ஆகையால் இடையில் எங்களுடைய பாதுகாப்புச் சாதனம் ஒன்றை வைத்து அதற்கும் மாத வாடகை தரவேண்டும் என்று கம்பெனி புதிய நிபந்தனை போட்டது. கமிஷன் 1975-இல் ஒரு பதிவு முறையை ஏற்படுத்தி, குறிப்பிட்ட பரீட்சைகளில் தேறிய எந்தக் கருவியையும் நேராகவே மாட்டலாம் என்று உத்தரவிட, அதை எதிர்த்த அப்பீல்களும் தோற்று, 1977-இல் அது அமலுக்கு வந்தது. 1984 ஜனவரி முதல் தேதி பெல் சாம்ராஜ்யமே பிளந்து, உள்ளூர் சேவை ஏழு கம்பெனிகளின் கைக்குப் போயிற்று. ஒரு கிண்ணத்துக்காகவும் ஒரு ரேடியோப் பெட்டிக்காகவும் தனி மனிதர்கள் பிடிவாதமாக வழக்காடியிராவிட்டால், கடைத்தெருவில் பல கம்பெனிகளின் தொலைபேசிகளை எடுத்து, அழுத்தி, எடை பார்த்து, விலை கேட்டு வாங்கும் சாதாரண உரிமை அந்த நாட்டு ஜனங்களுக்கு எப்போது கிடைத்திருக்குமோ! இந்த உபகரணத்தின் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிரியமான அத்தியாயம் இதுதான்.

கருவி கிடைத்தது; ஆனால் இரண்டாவது லைனுக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டுமே. அங்கேதான் வருமான வரி வந்து கைகொடுத்தது. வீட்டின் ஒரு பகுதியை ஆபீசாகக் காட்டிச் செலவு கழிப்பவர்கள், அந்த இடத்தை இடைவிடாமலும் தொழிலுக்கென்றே பிரத்தியேகமாகவும் உபயோகிக்கவேண்டும் என்று 1976-ஆம் வருஷத்துச் சட்டம் கண்டிப்புச் செய்திருந்தது. 1988-இல் இன்னொரு விதி சேர்ந்தது: ஒரு குடியிருப்புக்கு வரும் முதல் தொலைபேசி லைனின் அடிப்படைக் கட்டணம், எவ்வளவு வியாபாரம் அதில் பேசினாலும், சொந்தச் செலவே ஆகும்; அதைத் தொழிற்செலவாகக் கழிக்கக் கூடாது. தொழில் நிமித்தமான தூர அழைப்புகளைக் கழிக்கலாம். தொழிலுக்கென்றே வைத்த இரண்டாவது லைனையும் கழிக்கலாம். முதல் லைன் குடும்பத்துக்கு, இரண்டாவது லைன் தொழிலுக்கு என்று சட்டமே கோடு கிழித்துவிட்டது. 1993-இல், மூன்று ஆஸ்பத்திரிகளில் வேலை செய்துகொண்டு வீட்டில் கணக்கும் கடிதமும் பார்த்த ஒரு மயக்க மருந்து நிபுணரின் வீட்டு ஆபீசை சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொள்ள மறுத்தபோது பலர் கலங்கினார்கள். 1997-இல் செய்து 1999-இலிருந்து அமலான திருத்தம் அவர்களுடைய குறையைத் தீர்த்தது.

காலமும் அனுகூலமாக இருந்தது. வேலைக்குப் போவதற்குப் பதில் வேலையையே கம்பி வழியாக வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்ற கருத்தை ஜாக் நில்லஸ் என்பவர் 1973-லேயே சொல்லியிருந்தார். 1980-இல் ஃபேக்ஸ் இயந்திரங்களுக்குப் பொதுவான சர்வதேச அளவுகோல் ஏற்பட்டது. 1981-இல் ஹேஸ் கம்பெனியின் மோடம் வந்தது. 1990-களில் இன்டர்நெட் வீட்டுக்குள் வந்தது. மோடம் லைனைப் பிடித்துக்கொண்டால் வேறெவரும் அழைக்க முடியாது. அழைப்பு வருகிறது என்று தெரிவிக்கும் 'கால் வெயிட்டிங்' ஒலி குறுக்கிட்டால் மோடத்தின் இணைப்பு அறுந்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து சம்பாதிக்க விரும்பியவருக்கு இரண்டாவது லைன் ஆடம்பரமாக இல்லாமல் அவசியமாயிற்று. இரட்டை லைன் கருவிகள் பலவற்றின் பின்புறத்தில் ஃபேக்ஸையோ மோடத்தையோ செருகுவதற்கென்று தனித் துவாரம் இருப்பது அந்தக் காலத்தின் அடையாளமே.

இப்போது கருவியைக் கையில் எடுத்துப் பார்ப்போம். கடைக்காரர்கள் பெயர்ப் பட்டியலையும் எண் நினைவையும் முன்னிட்டுப் பேசுவார்கள். ஆனால் இதன் உயிர் ஹோல்டில் இருக்கிறது. பழைய முறையில் அலமாரிச் சாதனம் செய்த காரியத்தை இங்கே கருவிக்குள்ளேயே ஒரு சிறு மின்தடை செய்கிறது: ரிசீவரை வைத்தாலும் லைனில் மின்னோட்டம் நிற்காதபடி அது பார்த்துக்கொள்வதால், ஒருவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்றே எக்ஸ்சேஞ்ச் எண்ணிக்கொண்டிருக்கும். காத்திருந்தவர் சலித்து வைத்துவிட்டால், எக்ஸ்சேஞ்ச் மின்னோட்டத்தை ஒரு கணம் அறுக்கும். அதை உணர்ந்து தானே ஹோல்டை விடுவிக்கும் கருவி நல்ல கருவி. உணராத கருவியில் லைன் வீணாகச் சிக்கிக் கிடக்கும். அழைக்கிறவர்களுக்கெல்லாம் 'எங்கேஜ்டு' ஒலியே கேட்கும். அடுத்தபடி மணி. இரண்டு லைன்களுக்கும் வெவ்வேறு நாதம் இருக்கவேண்டும். அடுப்பங்கரையிலிருந்தே வீட்டு அழைப்பா தொழில் அழைப்பா என்று தெரியவேண்டும். இரவில் தொழில் மணியை மாத்திரம் நிறுத்திவைக்க வழியிருக்கவேண்டும். இரண்டு லைன்களையும் சேர்த்து மூவரும் பேசும் 'கான்பரன்ஸ்' வசதி உபயோகமானதே, ஆயினும் இரண்டையும் இணைக்கும்போது குரல் சற்றுத் தாழ்ந்துபோவது பல கருவிகளுக்கு இயல்பு. தொலைபேசிக் கம்பெனியிடம் சொல்லி, முதல் எண்ணில் பேச்சு நடக்கும்போது வரும் அழைப்பு தானே இரண்டாவதற்குத் தாவும்படி செய்துகொள்ளவும் முடிந்தது. அதற்கு 'ஹன்டிங்' என்று பெயர். தொழிலுக்கே இரண்டு லைன்கள் வைத்தவர்கள் இதை விரும்பினார்கள்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். பழைய நான்கிழைக் கம்பியில் ஜோடிகள் தனித்தனியாக முறுக்கப்படாமையால், ஒரு லைனின் பேச்சு மற்றொன்றில் மெல்லிதாகக் கசிந்து கேட்பதுண்டு. அந்தரங்கம் பேசுகிற வக்கீலுக்கும் வைத்தியருக்கும் இது சிறிய விஷயமல்ல. கம்பியை மாற்றுவதே இதற்குப் பரிகாரம். கருவியை மாற்றுவதால் பயன் இல்லை. அதே அந்தரங்கத்தைக் கருதித்தான் அவர்களில் பலர் கம்பியில்லாத் தொலைபேசிகளை நம்பவில்லை. 1980-களில் வந்த அந்தக் கருவிகளின் பேச்சை அண்டை வீட்டு ரேடியோ ஸ்கானர் எளிதாகப் பிடித்துவிடும்.

கம்பி வைத்த கருவிகளிலும் ஒரு பேதம் உண்டு; வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. லைனில் வரும் மின்சாரத்தைக்கொண்டே நடப்பவை சில. சுவர் அடாப்டர் இல்லாவிட்டால் ஊமையாகிவிடுபவை சில. 2003 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களும் கனடாவின் ஒரு பகுதியும் இருளில் மூழ்கியபோது, கைபேசி வலைகள் நெரிசலில் திணற, கம்பித் தொலைபேசிகள் எக்ஸ்சேஞ்ச் பாட்டரிகளின் பலத்தால் பேசிக்கொண்டிருந்தன. அந்த நாளில் அடாப்டரையே நம்பிய கருவியை வைத்திருந்தவருக்குச் செம்புக் கம்பி இருந்தும் பயன் இல்லை.

இன்று செம்பு லைன்கள் அமெரிக்காவில் வேகமாகக் குறைந்துவருகின்றன. கேட்கிற ஒவ்வொருவருக்கும் அடிப்படைத் தொலைபேசி தரவேண்டிய கடமையிலிருந்து தன்னை விடுவிக்கும்படி ஏடி அண்ட் டி கம்பெனி செய்துகொண்ட விண்ணப்பத்தைக் கலிபோர்னியாவின் பொதுச் சேவைக் கமிஷன் 2024 ஜூன் மாதம் நிராகரித்தது; ஆயினும் பல ஊர்களில் குரல் இப்போது இன்டர்நெட் வழியாகவே வீட்டுக்கு வருகிறது. இரண்டு துவாரங்கள் உள்ள ஒரு சிறு பெட்டி அந்தக் குரலைப் பழைய 48 வோல்ட் பாணிக்கு மாற்றிக் கொடுத்துவிடுவதால், இரட்டை லைன் கருவி அதிலும் குறைவின்றி வேலை செய்கிறது. ஆனால் வீட்டு மின்சாரம் நின்றால் அந்தப் பெட்டியும் நின்றுவிடும். எட்டு மணி நேரம் தாங்கும் பாட்டரியைக் கேட்பவர்களுக்கு விற்கவேண்டும் என்று 2015-இல் ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன் உத்தரவிட்டது. பிற்பாடு இருபத்துநான்கு மணி நேரம் தாங்குவதையும் விற்கவேண்டும் என்பது அதன் தொடர்ச்சி; 2025 வரை அந்த விதி அமலில் இருந்தது.

ஆகவே வீட்டு ஆபீசுக்கு இந்தக் கருவியை வாங்க நினைக்கிறவர், கடைக்குப் போகுமுன் தம் வீட்டுக்கு லைன் செம்பில் வருகிறதா, பெட்டி வழியாக வருகிறதா என்று கம்பெனியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். பெட்டியானால் பாட்டரிக்குப் பணம் ஒதுக்கட்டும். செம்பானால், அடாப்டரைப் பிடுங்கிய பிறகும் இரண்டு லைன்களிலும் மணியடித்துப் பேசவல்ல கருவியையே, விலை சற்றுக் கூடினாலும், தேர்ந்தெடுக்கட்டும்.